கோணத் தெருவின் ஊறல்

புதுச்சேரியில் உப்பளத்துப் பக்கம் கோணத் தெரு என்று ஒன்று உண்டு. தொடங்கும் இடத்திலிருந்து பார்த்தால் முடியும் இடம் தெரியாது. நடுவில் ஒருமுறை இடப்பக்கம் வளைந்து, அப்புறம் மனம் மாறினது போல வலப்பக்கம் வளைந்து, மாதா கோயிலின் பின்மதிலில் போய் முட்டி நிற்கும். அந்த இரண்டாவது வளைவில்தான் கடலூர் பஸ்ஸில் கண்டக்டராகப் போய்வந்த சூசைநாதன் வீடு இருந்தது, அந்த வீட்டுக் கொல்லையில் ஒரு நாவல் மரம் இருந்தது, ஆடி பிறந்துவிட்டால் அந்த மரம் காய்க்கிற காய்ப்பை அந்த வீட்டாலும் தின்று தீர்க்க முடியாது, தெருவாலும் தின்று தீர்க்க முடியாது. எங்கள் வேட்டிகளிலும் பள்ளிச் சட்டைகளிலும் ஊதாக் கறை, ஆடுகளின் மூக்கில் ஊதாக் கறை, மாதா கோயில் மதிலில் காகங்கள் போட்ட ஊதாக் கறை. மரத்தை வெட்டிவிடலாம் என்று ஆண்டுக்கு ஒரு தடவை யாராவது சொல்வார்கள், சொல்லிக்கொண்டே இன்னொரு பழத்தை வாயில் போடுவார்கள்.

சூசைநாதனின் மனைவி அமலோற்பவத்துக்கு வீணாவது எதையும் பார்க்கப் பொறுக்காது. அவள் எதையும் மடித்து வைப்பவள். துணியை மடிப்பாள், பேப்பரை மடிப்பாள், சிரிப்பைக்கூட மடித்துத்தான் வைப்பாள். எப்போதாவது சிரிப்பு வந்துவிட்டால் சாப்பாட்டுப் பருக்கையைத் துடைப்பது போல முந்தானையால் வாயை ஒற்றிக்கொள்வாள். கிறிஸ்துமஸ் நாளில்கூட அந்த வீட்டுக்குள் ஒரு பாட்டில் நுழைந்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலை வாசலில் நின்று, வேலைக்குக் கிளம்பிய புருஷனிடம் சொன்னாள்:

"ஏங்க, வரும்போது ரெண்டு பாட்டில் ரம் வாங்கியாங்க."

சூசைநாதன் தோள்பையை இறக்கிக் கீழே வைத்தார். "யாருக்கு?"

"நாவப்பழத்துக்கு."

பக்கத்து வீட்டு லெயோனி டீச்சர் சொல்லிக் கொடுத்த வழி அது. டீச்சரின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய் வந்த சொல்தா. எந்தப் பழத்தையும் ரம்மில் ஊறப்போட்டு வைக்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் இருந்தது. அமலோற்பவம் பழங்களைக் கழுவி வெள்ளைத் துணியில் நிழலில் உலர்த்தினாள், ஒவ்வொரு பழத்தையும் கோணி ஊசியால் குத்தினாள், ஊறுகாய் ஜாடியில் போட்டாள், பழம் முங்கும்வரை ரம்மை ஊற்றினாள், பனங்கற்கண்டு, இரண்டு துண்டு பட்டை, கமலா ஆரஞ்சின் தோல் ஒரு சுருள் போட்டு, வாயைத் துணியால் கட்டி, வெளிச்சம் படாத மாடிப்படிக்கு அடியில் வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் ஜாடியை மடியில் வைத்து, பிள்ளையைத் தாலாட்டுவது போல ஆட்டிவிட்டுத் திரும்பவும் இருட்டில் வைப்பாள். ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தது கிடையாது.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து தெருவே அவள் வீட்டில் கூடியது. மல்லுத் துணியில் வடிகட்டிய ஊறல், ஆயரின் அங்கி நிறத்தில், கண்ணாடித் தம்ளர்களில் வந்தது. குடித்தோம். பழம் நாக்கில் முதலில் துவர்த்தது, அப்புறம் இனித்தது, பட்டை மூக்கில் ஏறியது, தொண்டையில் ஒரு கதகதப்பு இறங்கியது, இனிமேல் தலைக்கு ஏறும் என்று காத்திருந்தோம். ஏறவில்லை. இன்னொரு தம்ளர் குடித்தோம், அப்போதும் ஏறவில்லை. சூசையண்ணன் நாலு தம்ளர் குடித்துவிட்டு எழுந்துபோய், சுவரில் தொங்கிய காலண்டரில் மிகப் பொடியாக அச்சிட்டிருந்த அச்சகத்தின் முகவரியை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்துக் காட்டினார்.

அந்நேரம் அடுப்படியில் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு கேட்டது. துடைக்காத சிரிப்பு. அமலோற்பவம் தோணியில் நடப்பவள் போல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள், உறியைப் பார்த்து "நீ எம்புட்டு அழகா தொங்குற" என்றாள், தன் கல்யாணத்தில்கூடப் பாடாதவள் நடுக்கூடத்தில் நின்று பாடினாள். லெயோனி டீச்சர் அவள் வாயை முகர்ந்து பார்த்தார். காப்பி வாசனைதான் வந்தது.

டீச்சர் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போய் மதிலோரம் நின்று, தான் மட்டும் குடித்தார். இங்கே கூடத்தில் அமலோற்பவம் பாட்டை நிறுத்திவிட்டு, தான் படித்தே இராத பிரெஞ்சில் பதினாலாம் லூயி, பதினைந்தாம் லூயி, பதினாறாம் லூயி என்று ராஜாக்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். டீச்சர் திரும்பி வந்து, "சரி, நாம குடிக்கிறது இவளுக்கு ஏறுது" என்றார். ஓ அப்படியா என்று கேட்டுக்கொண்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். தண்ணீர்க் குழாயில் காலையில் வருகிற தண்ணீரைச் சாயங்காலத்துக்கு மாற்றியபோது நாங்கள் இதைவிட அதிகம் பேசினோம்.

மறுநாள் அவள் தலைவலி இல்லாமல் எழுந்தாள். எங்களுக்கும் இல்லை. அந்தத் தலைவலியெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் தேடவில்லை.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்று சூசையண்ணன் பயந்துகொண்டே கேட்டார்.

அமலோற்பவம் முந்தானையை உதறிச் செருகினாள். "நல்லாத்தான் இருந்துச்சு. பொங்கலுக்குக் கமலாப்பழம் மலிவா வரும், வாங்கியாங்க."

அதற்குப் பிறகு எங்கள் தெரு அந்த அதிசயத்தோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டது. அமலு அக்கா அடுப்பில் எண்ணெய் வைத்திருக்கும்போது யாரும் குடிப்பதில்லை, அவள் மார்க்கெட்டில் மீன் பேரம் பேசும்போது குடிப்பதில்லை, பூசை நேரத்தில் குடிப்பதில்லை. ஒருதரம் விழுப்புரத்து உறவுக்காரர் ஒருவர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்ப் பட்டப்பகலில் திறந்துவிட்டார். ரேஷன் கடை வரிசையில் நின்ற அக்கா அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு உறவு கொண்டாடினாள். அன்றிலிருந்து லெயோனி டீச்சர் ஒவ்வொரு பாட்டிலின் மேலும் தன் அச்சுப் போன்ற கையெழுத்தில் 'ஞாயிறு, மாலை ஐந்துக்கு மேல்' என்று எழுதி ஒட்டினார். போதை இல்லையென்றால் அது வெறும் பழச்சாறுதானே என்று பெண்களும் தம்ளரை நீட்டினார்கள். குடிக்காத டெய்லர் ஜமால் பாய்கூட, அக்கா பாடுவதைக் கேட்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷினைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து வாசற்படியில் உட்காருவார்.

ஒவ்வொருவர் போதைக்கும் ஒவ்வொரு ருசி என்று அக்கா சொன்னாள். சூசையண்ணனுடையது ஏறினால் கைவசம் இருப்பதையெல்லாம் எடுத்து யாருக்காவது கொடுக்கத் தோன்றுமாம். டீச்சருடையது ஏறினால் உலகத்தில் எல்லாம் கோணலாக இருப்பது தெரியுமாம். பங்குச் சாமியார் ஒரு மூடி அளவுதான் குடிப்பார். ஆனால் அது ஏறினால் தனக்குக் கெடுதல் செய்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும் போலிருக்குமாம். குடிக்காமலே வெறிக்கிறவளைப் பற்றித் திருச்சபையின் சட்டம் என்ன சொல்கிறது என்று சாமியாரிடம் சிலர் கேட்டார்கள். அவர் ஒரு வாரம் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, ஒன்றும் சொல்லவில்லை என்றார். தவக்காலத்தில் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அந்தத் தவக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வச்சலா வந்தாள்.

வச்சலா முதல் வளைவில் இருப்பவள், கிளாரினெட் ஏகாம்பரத்தின் மனைவி. ஏகாம்பரமும் பீதாம்பரமும் இரட்டைப் பிள்ளைகள். கல்யாண ஊர்வலமோ தேர்ப் பவனியோ, பேண்டு வாத்தியத்தில் முன்வரிசையில் இரண்டு பேரும் நிற்பார்கள். அண்ணன் கிளாரினெட்டில் கேள்வி கேட்பது போல ஊதுவான், தம்பி டிரம்பெட்டில் பதில் சொல்வது போல ஊதுவான், வழி மறித்து நிற்கும் பஸ்களின் டிரைவர்கள்கூட ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார்கள். முந்தின ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்து பீதாம்பரத்தைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு ஏகாம்பரம் ஊதவில்லை. குடித்தான். காலையில் குடித்தான், குடித்துவிட்டு விழுந்த இடத்தில் தூங்கி எழுந்து மறுபடி குடித்தான்.

வச்சலா அமலோற்பவத்தின் அடுப்படியில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எனக்குக் கேக்கவே கூச்சமா இருக்கு."

"கேளு."

"அவரால குடிக்காம இருக்க முடியல. குடிச்சிட்டு இருக்கவும் முடியல. நேத்து புள்ள சோறு எடுத்து வச்சா, அவளை யாருன்னு கேட்டாரு. உங்க ஊறலு குடிச்சா அவருக்கு ஏறாதில்ல? அவருதான் கேட்டு வரச் சொன்னாரு."

அமலோற்பவம் கைக்காரியத்தை நிறுத்தாமல், "மொச்சையை உரிச்சுக்கிட்டே பேசு," என்று ஒரு முறத்தை அவள் முன்னால் தள்ளினாள். முறம் பாதி நிறைந்ததும், "சாயங்காலம் காலிப் பாட்டிலு கொண்டாரச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. தவக்காலத்துக்கு விலக்கு வேண்டும் என்று சாமியாரிடம் அவளே போய்ச் சொன்னாள். சாமியார், "இது குடி இல்ல அமலோற்பவம், சுமை. சுமைக்குத் தவக்காலத்துல தடை இல்ல" என்றார்.

முதல் நாள் சாயங்காலம் அவள் வழக்கம்போல ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு சிரிப்புக்காகக் காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை. மழையில் நனைந்த பஞ்சு மெத்தையை யாரோ தூக்கிவந்து நெஞ்சின் மேல் விரித்தது போல இருந்தது. எழுந்து கொல்லைக்குப் போனாள், தோய்க்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள், தான் என்றைக்கும் கேட்டிராத ஒரு மெட்டை வாய்க்குள் முனகினாள். அது விசித்திரமான மெட்டு. நாலு அடி போகும், சும்மா நிற்கும், மறுபடி இரண்டு அடி போகும், நிற்கும், எதிரில் இருக்கிறவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பது போல.

அதே நேரம் முதல் வளைவில் ஏகாம்பரம் தெளிந்த கண்ணோடு மகள் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டான். மறுநாள் வேலை கேட்டு ஒரு பட்டறைக்குப் போனான். ஒரு வாரம் கழித்து கிளாரினெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தான். ஊதவில்லை, துடைத்துத் திரும்ப வைத்தான். வச்சலா தினமும் காலையில் ஓடிவந்து, இன்றைக்கு இதைச் செய்தார், இன்றைக்கு அதைச் செய்தார் என்று சொல்லிவிட்டுப் போவாள். அமலோற்பவம் "அப்படியா, சந்தோஷம்" என்பாள். தன்னிடம் வந்தது என்ன என்று அவள் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு நின்றுபோயிற்று. அக்கா மெலிந்தாள். குழம்பில் உப்பை இரண்டுமுறை போட்டாள், கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். சூசையண்ணன் அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அவன் தம்பி செத்ததுக்கு நீ ஏன் கொல்லையில உக்காந்து அழற? ஜாடியை ஒடைச்சுப் போட்டுர்றேன் பாரு."

"ஒடைங்க. அப்புறம் அவரு கடைக்குப் போவாரு."

"போகட்டுமே. அவன் சுமையை அவன் சுமக்கட்டும்."

"அவரு சுமந்தா முறிஞ்சு போவாருங்க," என்றாள் அமலோற்பவம். "நான் கொஞ்சம் தள்ளாடுறேன். அவ்வளவுதான்."

சூசையண்ணன் ஜாடியை உடைக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே போய் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து அதைத் திட்டிவிட்டு வந்தார்.

ஈஸ்டர் முடிந்த ஒரு சாயங்காலம் வச்சலா காலிப் பாட்டிலை நிரப்பி வாங்க வந்தாள். வீட்டில் ஆள் இல்லை. கொல்லையிலிருந்து முனகல் கேட்டது. கதவு வரைக்கும் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அது பீதாம்பரத்தின் டிரம்பெட். மாப்பிள்ளை அழைப்பில் கடைசியாக வாசிக்கிற உருப்படியில் தம்பி வாசிக்கும் பங்கு, ஒரு சுரம் குறையாமல். அண்ணன் வாசிக்கும் பங்கு வரவேண்டிய இடத்திலெல்லாம் அமலு அக்கா வாயை மூடி, அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள்.

"இதுதான் உங்களுக்கு ஏறுதா?" என்றாள் வச்சலா. "இத்தனை நாளா இதுதானா?"

"உக்காரு."

"நான் சிரிப்பா இருக்கும்னு நெனச்சேன்க்கா. எல்லாருக்கும் சிரிப்பாத்தானே இருந்துச்சு."

அமலோற்பவம் அவள் கையைப் பிடித்துக் கல்லில் உட்காரவைத்தாள். "அழுவாத. கமலா ஜாடியும் அடி தட்டிருச்சு. நாளைக்கு எங்க வீட்டுக்காரரு பண்ருட்டிப் பலா கொண்டாரேன்னு சொல்லியிருக்காரு. என் கை நடுங்குது, நீ வந்து சுளை எடுத்துக் குடு."

மறுநாள் வச்சலா வந்தாள். சூசையண்ணன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாவைப் பிளந்தார். பிறர் கழுவினால் சுத்தமாக இராது என்று எண்ணும் லெயோனி டீச்சர், கேட்காமலே வந்து உட்கார்ந்து சுளைகளிலிருந்து சடையை நீக்கினார். ஜாடி நிறைந்தது. பலா சீக்கிரம் சாறு விடுகிற பழம். வைகாசி பிறக்கும்போது ஊறல் பொன் நிறத்தில் இறங்கியிருந்தது.

அந்த ஜாடியிலிருந்து ஏகாம்பரம் குடித்த முதல் சாயங்காலம், அமலோற்பவம் கொல்லைக் கல்லில் தயாராக உட்கார்ந்து மெத்தை விழக் காத்திருந்தாள். விழுந்தது மெத்தையில்லை, ஒரு ஈரத் துண்டு. அவள் ஆச்சரியத்தோடு அதைச் சுமந்துகொண்டு எழுந்து நின்று பார்த்தாள், நிற்க முடிந்தது. பக்கத்து வீட்டில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த லெயோனி டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். கண் நனைந்திருந்தது, வாய் ஒரு மெட்டை முனகிக்கொண்டிருந்தது. கடலூரிலிருந்து திரும்பிவந்த பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்ற சூசையண்ணன் அதே மெட்டைச் சீழ்க்கையடித்தார், பிறகு ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, பஸ் கிளம்ப விசில் கொடுக்காமல், அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பயணிகள் காத்திருந்தார்கள்.

முதல் வளைவில் அடுப்பு முன்னால் வச்சலா முனகினாள். அவளுக்கு நேர் எதிரில், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தான்.

"அது என்னா?" என்றான்.

வச்சலா வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் எழுந்து வெளியே வந்தான். தெருவில் நடந்தான். டீச்சர் வீட்டு ஜன்னலிலிருந்து அது வந்தது. அமலு அக்கா கொல்லையிலிருந்து அது வந்தது. எதிரே வேலை முடிந்து வந்த சூசையண்ணன் வாயில் அது இருந்தது. செத்துப்போன தம்பி மூன்று நாலு வீடுகளில் ஒரே நேரத்தில் வாசித்துக்கொண்டிருந்தான், ஒவ்வொரு வீட்டிலும் அண்ணனுக்காக இடம் விட்டு.

அவன் அமலோற்பவத்தின் முன்னால் போய் நின்றான். நடந்ததை அவள் சொன்னாள், ஒளிக்காமல்.

"என் துக்கத்தை நீங்க சுமந்தீங்க. இப்ப அதை வெட்டித் தெருவுக்குப் பங்கு போட்டுட்டீங்க," என்றான்.

"ஆமாப்பா. பழத்துல கை வச்சவங்களுக்கெல்லாம் பங்கு போவுதுன்னு இன்னிக்குத்தான் எனக்கே தெரியும்."

"என்னைக் கேட்டீங்களா?"

"கேக்கல," என்றாள் அமலோற்பவம். "நல்லா வாசிப்பாரு போல உன் தம்பி. நான் அவருகிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல. இப்பல்லாம் சாயங்காலம் ஆனா அவருக்காக உக்காந்திருக்கேன்."

ஏகாம்பரம் திரும்பிப் போய்விட்டான். அன்று முதல் அவன் வீட்டிலிருந்து ஊறலுக்கு ஆள் வரவில்லை. பட்டறைக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டோம். கடைக்குப் போனான் என்று கேள்விப்பட்டோம். அமலோற்பவம் சாயங்காலங்களில் கல்லில் உட்கார்ந்து பார்த்தாள். எதுவும் ஏறவில்லை, அவளால் தேறவும் முடியவில்லை. வச்சலா தண்ணீர்க் குழாயடியில் யார் முகத்தையும் பார்க்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நாவல் மரம் மறுபடியும் ஊதாவைக் கொட்டத் தொடங்கியிருந்த ஒரு காலை, ஏகாம்பரம் தானாக வந்து வாசலில் நின்றான். முகம் வீங்கியிருந்தது.

"கடைச் சரக்குல நான் மட்டுந்தான் இருக்கேன் அக்கா," என்றான். "எம்புட்டுக் குடிச்சாலும் வேற யாரும் இல்ல."

அமலோற்பவம் நகர்ந்து வழி விட்டாள். "உள்ள வா. பழம் கழுவணும். கையைக் கழுவிக்கிட்டு வா."

அந்த ஞாயிறு தெரு முழுக்க அந்தக் கொல்லையில் கூடியது. யாரும் கூப்பிடவில்லை, வந்தோம். பங்கு என்றால் என்ன என்று தெரிந்துதான் வந்தோம். நாலாவது வீட்டு மளிகைக்கடைக்காரர் மட்டும், "எனக்கு என் கவலையே ஏகப்பட்டது இருக்கு" என்று வாசலோடு நின்றுவிட்டார், கொஞ்சநேரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்ப என்னோடதும் உங்களுக்கெல்லாம் போவுமா?" என்று கேட்டு, போகும் என்று சொன்னவுடன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சாமியார் ஒரு பழத்தை எடுத்து, அதற்கு வலிக்கக்கூடாது என்பது போல ஊசியால் குத்தினார். ஜமால் பாய், தான் பழத்தைத் தொடமாட்டேன், ஆனால் சும்மாவும் இருக்கமாட்டேன் என்று ஜாடியின் வாயைக் கட்டுவதற்குச் சுருக்குப்பை போல ஒரு உறை தைத்துக் கொடுத்தார். துணிக்குப் பங்கு கிடையாது என்பது பிறகு தெரிந்தபோது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஏகாம்பரம் எல்லோருக்கும் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, விரல்கள் ஊதாவாகும்வரை பழங்களைக் குத்தினான். கிளாரினெட்டின் துளைகளை மூடித் திறந்த விரல்கள். பழத்தின் மேல் தடுமாறாமல் போயின.

ஜாடி ஊறுகிற வரைக்கும் பலாவின் மிச்சத்தில் காலம் ஓடியது. அவன் அந்தக் காலத்தில் குறைவாகக் குடித்தான். மழை வந்தது, தம்பியின் திதி வந்தது, அன்று மட்டும் அதிகம் குடித்தான். டீச்சரும் சூசையண்ணனும் வச்சலாவும் அமலு அக்காவும் அவரவர் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, அவரவருக்கு வந்ததை வாங்கிக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸ் வந்தது. ஜமால் பாயின் உறையை அவிழ்த்து, மல்லுத் துணியில் வடித்து, தெருவுக்கெல்லாம் ஊற்றினாள் அமலோற்பவம். அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தனக்கும் ஒரு தம்ளர் ஊற்றிக்கொண்டாள். ஒரு மடக்குக் குடித்து, கண்ணை மூடி ருசி பார்த்துவிட்டு, "கொஞ்சம் பட்டை தூக்கலா இருக்கு. ஒருத்தரும் சொல்லவே இல்லையே" என்றாள்.

ஏறியது. எல்லோருக்கும் ஏறியது. யாருடையது யாருக்கு ஏறியது என்று சொல்லமுடியாதபடி, எல்லோருடையதும் எல்லோருக்கும். சாமியார் கடலூர், கடலூர், ஏறு ஏறு என்று ஆட்களைக் கூடத்துக்குள் தள்ளினார். மளிகைக்கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த படங்களின் கோணலைச் சரிசெய்துகொண்டே போனார். லெயோனி டீச்சர், பள்ளிக்கூடத்தில் தன்னை ஏமாற்றிய மாணவர்கள் அத்தனை பேருக்கும் சோறு போடவேண்டும், இப்போதே போடவேண்டும் என்று அழுதார்.

சூசையண்ணன் தம்ளரை உயர்த்திப் பிடித்து யோசித்தார். "எல்லாரும் எல்லாருதையும் பங்கு போட்டுக்கிட்டா, இது சாதாரணமாக் குடிக்கிறதுதானே?"

"நீ வாயை மூடு," என்றாள் அமலோற்பவம். சிரித்தாள். முந்தானை இடுப்பிலேயே கிடந்தது.

அப்போது யார் தொடங்கியது என்று தெரியவில்லை, அந்த மெட்டு கூடத்தில் எழுந்தது. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போயிற்று, வாசலுக்குப் போயிற்று, வாசலில் நின்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள், முதல் வளைவுக்கும் இரண்டாவது வளைவுக்கும் இடையில் தெரு முழுவதும் பீதாம்பரத்தின் பங்கை முனகியது, நிற்க வேண்டிய இடத்தில் தெரு முழுவதும் நின்றது. குழந்தைகளைக்கூட யாரோ உஷ் என்று அடக்கினார்கள். ஏகாம்பரம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஏறியிருந்தது; எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் பங்கு அவனுக்கு, மற்றவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவு. அவன் முகத்தைப் பார்க்க எங்களுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் முனகினோம்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"நிறுத்துங்க," என்றான்.

நிறுத்தினோம். வச்சலா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாவது அடியில மூச்சு எடுக்கறீங்க," என்றான் ஏகாம்பரம். "எல்லாரும் எடுக்கறீங்க. பீதா அங்க எடுக்கவே மாட்டான். அதை இழுத்துக்கிட்டுப் போய் மூணாவதுலதான் விடுவான், அங்கதான் எனக்கு வழி கிடைக்கும். சூசையண்ணே, நீங்கதான் எல்லாரையும் கெடுக்கறீங்க, பஸ்ஸைப் புடிக்கிற மாதிரி ஓடறீங்க."

"நான் வந்ததைத்தானப்பா பாடறேன்," என்றார் சூசையண்ணன்.

"வந்தது சரியாத்தான் வருது. நீங்க வாங்குறது தப்பு." அவன் மகளைத் தேடிப் பார்த்தான். "பாப்பா, வீட்டுக்குப் போய் அப்பா பெட்டியை எடுத்துட்டு வா. மெதுவா. கீழ போட்டுராத."

அவள் வரும்வரைக்கும் அவன் எங்களை விடவில்லை. பெண்களை ஒரு பக்கம் நிறுத்தினான், ஆண்களை ஒரு பக்கம் நிறுத்தினான், பங்குச் சாமியாரை முன்வரிசைக்கு இழுத்தான், பாடத் தெரியாது என்று நழுவப் பார்த்த ஜமால் பாயை வாசற்படியில் உட்காரவைத்துக் கையால் தாளம் போடச் சொன்னான். லெயோனி டீச்சரைக் கண்டிப்பாகப் பார்த்து, "நீங்க நல்லா எடுக்கறீங்க, ஆனா மத்தவங்களைத் திரும்பிப் பாக்காதீங்க" என்றான். டீச்சர் தலைகுனிந்து சரி என்றார். பெட்டி வந்தது. அவன் ஊதா படிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டான், துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தினான், ஒரு தரம் சும்மா ஊதிப் பார்த்தான். நீண்ட நாள் பேசாமலிருந்த தொண்டையைப் போல அது முதலில் கரகரத்தது.

"ரெண்டாவது அடியிலேருந்து," என்றான். "மூச்சு எடுத்தா எனக்குத் தெரியும்."

அமலோற்பவம்தான் முதலில் தொடங்கினாள்.